இத்தா இருக்கும் வீடு

மய்யித்தைக் குளிப்பாட்ட வெந்நீர் வைப்பதற்கு அந்த வீட்டில் ஒரு பாத்திரமும் இல்லை. ருக்கையா அடுப்படியில் நின்று, அடுப்பு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் கரி படிந்த வட்டம் ஒன்றுதான் மிச்சம். அண்டா, குடம், செம்பு, பாய், கட்டில், திரைச்சீலை, தொப்பி தைக்கும் மர அச்சுகள் நாற்பது, எல்லாம் முந்தாநாளே மூவார்க் கப்பலில் ஏறிவிட்டன. அவற்றுக்குத் துணையாக மகன் ரவூபும் போய்விட்டான். போகிறேன் போகிறேன் என்று ஆறு வருடம் சொன்ன அவள் கணவர் நூர்தீன் மட்டும் போகவில்லை. முன்கட்டில், அடுத்த வீட்டிலிருந்து வாங்கிய பாயின்மேல் அவர் கிடந்தார்.

சாவதற்கு இதைவிடக் குளறுபடியான ஒரு நாளை இந்த மனிதரால் தேர்ந்திருக்க முடியாது என்று ருக்கையா நினைத்தாள். அழுகை வரவேண்டிய இடத்தில் எரிச்சல் வந்து நிற்பது அவளுக்கே பொறுக்கவில்லை. ஆனால் வந்தது அதுதான்.

கொல்லைப்புற வாசலில் செல்லக்கண்ணு ஒரு பெரிய பித்தளை அண்டாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். நான்கு மாடுகள் வைத்துப் பால் ஊற்றுகிறவள். இருபது வருடமாக அடுத்த வீடு.

"பால் காய்ச்சுற அண்டாதான்க்கா. ரெண்டு தடவை புளி போட்டு விளக்கிட்டேன். உங்க ஆளுங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்களே?"

"சொல்றவங்க மூவார் வரைக்கும் போய் எங்க அண்டாவை எடுத்துட்டு வரட்டும்."

"ஒரு சொம்பாவது வச்சுக்கக் கூடாதா? அம்புட்டையுமா வாரிக் கொடுத்து அனுப்புவீங்க?"

"வழியிலே தண்ணி குடிக்க ஒரு சொம்பு இருக்கட்டும்னேன். ஏன், மூவார்லே தண்ணி இல்லையான்னு கேட்டாங்க. அந்த மனுஷன்கிட்டே யாரு பேசுறது?"

செல்லக்கண்ணு கல் மூன்றைக் கூட்டி அண்டாவை ஏற்றினாள். விறகையும் அவளே கொண்டுவந்திருந்தாள்.

நூர்தீன் தொப்பி தைப்பவர். மனிதத் தலையை நூலால் ஒருமுறை சுற்றி அளந்தாரென்றால் அரை விரற்கடையும் பிசகாது. தலையைத் தவிர வேறு எதை அளந்தாலும் பிசகும். சிராங்கூன் சாலைக்குப் பின்னால், இந்த வாடகை வீட்டின் முன்கட்டில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவரை மூவார் என்ற எண்ணம் ஒருநாள் பிடித்துக்கொண்டது. சிங்கப்பூரில் தெருவுக்கு மூன்று தொப்பிக்காரர்கள் இருக்கிறார்கள். மூவார் சின்ன ஊர். அங்கே ஒருவரும் இல்லை. ஆற்றங்கரைப் பக்கம் மாடி வைத்த கடைவீடு ஒன்றை எடுத்து, கீழே கடையும் மேலே பட்டறையுமாக நடத்தினால் உள்ளூர்ப் பெண்கள் நாலு பேருக்கும் வேலை கொடுக்கலாம் என்பது அவருடைய கணக்கு. பெயர்ப்பலகையை எழுதி வாங்கிய பிறகுதான் வீடு தேடவே போனார். கிடைத்த வீட்டின் முகப்பு, பலகையைவிட இரண்டு முழம் குறைவாக இருந்தது.

"தொப்பி தைக்கிறவன் இல்லாத ஊர்லே தொப்பி போடுறவன் இருக்கானான்னு பார்த்தீங்களா?" என்று ருக்கையா கேட்டிருக்கிறாள்.

"பார்த்தேன்."

"எத்தனை பேரு?"

"ஊரே!"

இப்படிப் பேசிப் பேசியே தேய்ந்துபோய், போன மாதம் அவள் சரியென்று தலையாட்டினாள். வெல்வெட்டில் சரிகைப் பூ வேலையும் உள்தையலும் அவள் கையால் நடப்பவை. அவள் இல்லாமல் பட்டறை கிடையாது என்பது நூர்தீனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர் ஆறு வருடம் பேசினார்.

ஒன்பது மணிக்கு நூர்தீனின் அண்ணன் அப்துல் மஜீது வந்து சேர்ந்தார். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் மளிகை மண்டி வைத்திருப்பவர். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"கலிமா சொன்னானா?"

"சொன்னாங்க மச்சான்."

"நீ பக்கத்துலே இருந்தியா?"

"இருந்தேன். வாயிலே தண்ணி விட்டேன்."

அப்துல் மஜீது கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதன் பிறகுதான் தம்பியின் முகத்தைத் திறந்து பார்த்தார்.

அவள் சொன்னது அத்தனையும் பொய். கப்பல் பத்து மணிக்கு என்பதால் ஏழரைக்கே ரிக்‌ஷா வாசலுக்கு வந்துவிட்டது. எடுத்துப் போக ஒரு மூட்டையும் ஏறிப் போக இரண்டு பேரும்தான் மீதி. வாசல்வரை வந்த நூர்தீன் திரும்பிப் பார்த்து, கடிகாரம் மாட்டியிருந்த ஆணி சுவரிலேயே இருக்கிறதே என்றார். நல்ல இரும்பாணி, அதை ஏன் விட்டுவிட்டுப் போக வேண்டும்? செல்லக்கண்ணு வீட்டில் ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, "நீ போய் உக்காரு, இதோ வந்துட்டேன்" என்று உள்ளே போனார். ருக்கையா ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி, "நீங்க ஆணியைப் பிடுங்கிக்கிட்டே இருங்க, கப்பல் உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும்" என்றாள். பதில் வரவில்லை. அவர் பதில் சொல்லாமல் வேலை பார்ப்பது புதிதல்ல. இறங்கிப் போய்க் கூப்பிடக் கூடாது, தானாக வரட்டும் என்ற பிடிவாதத்தில் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் இரண்டு டிராம்கள் கடந்து போயின. பிறகு போய்ப் பார்த்தபோது அவர் சுவரோரமாகச் சரிந்து கிடந்தார். குறடு கையில் இருந்தது. ஆணி சுவரில் இருந்தது. கடைசி மூச்சில் சொல்ல வேண்டிய கலிமாவை அவர் சொன்னாரோ, ஆணியைத் திட்டினாரோ, அது யாருக்கும் தெரியாது.

பத்து மணிக் கப்பல் அவர்கள் இல்லாமல் போனது. அதன் கணக்கெழுதும் கிராணியிடம் ரவூபுக்குச் செய்தி சொல்லி அனுப்பியிருந்தார்கள். செய்தி மாலையில் கிடைத்தாலும் அவன் நாளைதான் வர முடியும். மய்யித்து அதுவரை காத்திருக்காது.

முன்கட்டையும் உள்கட்டையும் பிரிக்கத் திரை இல்லாததால் செல்லக்கண்ணு தன் புடவை ஒன்றைக் குறுக்கே கட்டிக் கொடுத்தாள். மஞ்சள் புடவை, பெரிய பெரிய கட்டம். அதற்கு இந்தப் பக்கம் அப்துல் மஜீதின் மனைவி ரபியாவும் தெருப் பெண்கள் சிலரும் உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ரபியா ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அந்தப் புடவையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து உதட்டைச் சுழித்தாள்.

குளிப்பாட்டும் பலகையும் தூக்கிப் போகும் சந்தூக்குப் பெட்டியும் பள்ளிவாசலிலிருந்து வந்து இறங்கியபோது, அப்துல் மஜீது புடவைக்கு அந்தப் பக்கமாக வந்து நின்றார்.

"ருக்கையா, அடக்கம் முடிஞ்சதும் ரபியாவோட நம்ம வீட்டுக்கு வந்துடு. இத்தா அங்கே இருந்துக்க. முடிஞ்ச கையோட நாகூர்க் கப்பல்லே உன் தம்பி வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன். ரவூபு என் மண்டியிலே நிக்கட்டும்."

"மூவார்ச் சாமானெல்லாம்?"

"அதை நான் வித்துடுறேன். மரக்கட்டையை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போறே?"

கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டு வாசலைத் தாண்டாமல் இத்தா இருக்க வேண்டும். ரபியாவின் வீட்டில் நான்கு மாதமும் பத்து நாளும் என்றால் என்னவென்று ருக்கையாவுக்குத் தெரியும். போன வருடம் காய்ச்சலுக்குப் பிறகு பன்னிரண்டு நாள் அங்கே இருந்திருக்கிறாள். மிளகாய் மூட்டை அடுக்கிய பின்னறை. ஒரு வெங்காயம் கூடுதலாக உரித்தாலும் எண்ணிச் சொல்லும் ரபியா. அது முடிந்தால் நாகூரில் தம்பி பெண்டாட்டியின் அடுப்படி. ரவூப் ஆயுள் முழுவதும் பெரிய வாப்பாவின் மண்டியில் தும்மிக்கொண்டு நிற்பான். யாருடைய மரக்கட்டைகளை யார் விற்பது என்ற கேள்வி தொண்டைவரை வந்தபோது ருக்கையா திடுக்கிட்டாள். நேற்றுவரை அவற்றை 'அவங்க கட்டை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது 'என் கட்டை' என்று மனம் சொல்கிறது.

"இத்தா புருஷன் வீட்டிலேதானே இருக்கணும் மச்சான்?"

"எந்த வீடு? இந்த வீட்டைத்தான் உன் புருஷன் எழுதிக் கொடுத்துட்டானே! ஒண்ணாந்தேதி சீனன் குடிவர்றான். அவன் அண்டாவும் பன்றிச்சட்டியும் வச்சு ஆக்கித் திம்பான். நீ மூலையிலே உக்காந்து தஸ்பீகு உருட்டுவியா?"

புடவைக்கு இந்தப் பக்கம் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாறியது.

குளிப்பாட்டி முடிந்து, உடலைச் சுற்றும் கபன் துணியை விரித்துக்கொண்டிருந்த நேரம். மார்க்கச் சட்டம் படித்த அப்துல் அஜீஸ் ஆலிம்சா கத்தரிக்கோலுக்காகக் காத்திருந்தார். அது செல்லக்கண்ணுவின் வீட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் அப்துல் மஜீது, ஊரார் முன்னிலையில் பேச்சை முடித்துவிடும் எண்ணத்துடன், இத்தாவுக்கு எந்த வீடு என்று ஆலிம்சாவையே கேட்டார்.

ஆலிம்சா அவசரப்படாதவர்.

"கிதாபுலே தெளிவா இருக்கு. வேற வீட்டுக்குப் போகலாம்னு புருஷன் சொல்லிட்டான். ஆனா பொண்டாட்டி கிளம்புறதுக்குள்ளே மவுத்து வந்துடுச்சு. அப்படின்னா பழைய வீடுதான் இத்தா வீடு. சாமான் பூரா முன்கூட்டியே போயிருந்தாலும் அது கணக்கில்லே. பழைய வீட்டிலே இருக்க வழி இல்லேன்னா, பக்கத்திலே பத்திரமான ஒரு வீடு. உங்க வீடு பொருத்தம்தான்."

"கேட்டுக்கிட்டியா ருக்கையா? முடிஞ்சது."

"இன்னும் முடிக்கலே. அவங்க புருஷன் உத்தரவோட வாசலைத் தாண்டிக் கிளம்பின பிறகு மவுத்து வந்திருந்தா, போய்ச் சேர இருந்த வீடுதான் இத்தா வீடு. அது எந்த ஊரா இருந்தாலும் சரி, அங்கேதான் போய் இருக்கணும்."

"அதுக்கு இங்கே இடமில்லே ஆலிம்சா. இவ பக்கத்துலேயே இருந்திருக்கா. வாயிலே தண்ணி விட்டிருக்கா. கலிமாவும் கேட்டிருக்கா."

"அப்போ சரி" என்றார் ஆலிம்சா.

கத்தரிக்கோல் வந்துவிட்டது. துணி கிழியும் ஓசை கேட்டது. ருக்கையாவின் இரு பக்கமும் யாசீன் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா இருந்துவிட்டால், கணவனுக்குக் கடைசித் தண்ணீர் கொடுத்த மனைவி என்ற பெயர் நாகூர்வரை நிற்கும். பெயரோடு அவளும் அங்கே போய் நிற்க வேண்டும். வாயைத் திறந்தால் இந்தப் பெண்கள் மாலை அஸர் தொழுகைக்குள் அதைத் தெரு முழுவதும் கொண்டுபோய்விடுவார்கள். இந்த மனிதர் உயிரோடு இருந்தபோதும் தன்னை இப்படித்தான் இரண்டு பக்கமும் அடைத்து நிறுத்துவார் என்று அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே பேசினாள்.

"ஆலிம்சா, நான் வாசலைத் தாண்டியிருந்தேன்."

ஓதல் நின்றது.

"என்னது?" என்றார் அப்துல் மஜீது.

"ரிக்‌ஷாவிலே ஏறி உக்காந்துட்டேன். அவங்க உள்ளே ஆணி பிடுங்கிக்கிட்டிருந்தாங்க. நான் திரும்பிப் போய்ப் பார்க்கிறப்போ மவுத்தாகி இருந்தாங்க."

"அப்போ காலையிலே என்கிட்டே சொன்னது?"

"பொய் மச்சான்."

"மூவாருக்குப் போகணும்னு இப்போ கதையை மாத்துறா ஆலிம்சா! ஆறு வருஷமா மூவார் வேணாம் வேணாம்னு அவன் உயிரை எடுத்தவ இவ! ஊருக்கே தெரியும். இதை யாரு பார்த்தா? சாட்சி இருக்கா?"

கொல்லைப்புறத்திலிருந்து செல்லக்கண்ணுவின் குரல் வந்தது.

"நான் பார்த்தேன் சாமி. மாட்டைக் கட்டிக்கிட்டு எதிர்க்கேதான் நின்னேன். அக்கா ரிக்‌ஷாவிலே உக்காந்திருந்துச்சு. மூணு டிராம் போற வரைக்கும் திட்டிக்கிட்டே இருந்துச்சு. பொய் சொன்னா என் மாடு வத்திப்போகும்."

"மூணு டிராம்..." என்றாள் ரபியா, மெதுவாக, பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்கும் அளவில். ஆனால் அது எல்லோருக்கும் கேட்டது.

ஆலிம்சா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"போய் உக்காரச் சொல்லி அவர் சொன்னாரா, நீங்களாப் போனீங்களா?"

"'நீ போய் உக்காரு, இதோ வந்துட்டேன்'னாங்க."

"அதுக்கப்புறம் ஏதும் சொன்னாரா?"

"அவங்க சொல்லலே. நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

ருக்கையா சொன்னாள். ஆணி, கப்பல், காத்துக்கொண்டு நிற்பது, எல்லாவற்றையும் காலையில் சொன்ன அதே சொற்களில், ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள்.

வெளியே ஒரு மாட்டுவண்டி போகும் ஓசை கேட்டு ஓய்ந்தது. பிறகு ஆலிம்சா, "அப்படின்னா மூவார்தான். மகன் வந்ததும் தாமதிக்காம அவனோட போங்க. போற வழியிலே எங்கேயும் தங்கக் கூடாது. வீட்டுக்குள்ளே இருந்துக்கிட்டு கைவேலை செய்யத் தடையில்லே" என்று சொல்லிவிட்டு, கபனின் ஓரத்தை மடிக்கத் தொடங்கினார்.

அப்துல் மஜீது புடவைக்கு அருகில் வந்தார். அவருடைய குரலில் கோபம் இல்லாததுதான் ருக்கையாவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"என் தம்பி தனியாவா போனான்?"

"ஆமா மச்சான்."

முகம் பார்க்கப் பெண்களை அழைத்தபோது அவர் விலகிச் சுவரைப் பார்த்து நின்றார். சந்தூக்கின் முன்கம்பை அவரே தோளில் தாங்கினார். தெருவில் கலிமா ஓதிக்கொண்டே போன கூட்டம் சாலையில் திரும்பி, பிடாதாரி மையவாடிப் பக்கமாக மறைந்தது. ரபியா தன் குர்ஆனை உறையிலிட்டு, ருக்கையாவிடம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனாள். அவளைத் தொடர்ந்து மற்றவர்களும் போனார்கள்.

செல்லக்கண்ணு கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

"குடிங்கக்கா."

"ரெண்டு டிராம்தான் போச்சு" என்றாள் ருக்கையா.

"மூணுக்கா."

"நான் உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு."

"முதல்லே ஒண்ணு போச்சுல்ல, நீங்க ரிக்‌ஷாக்காரன்கிட்டே மூட்டையை ஒழுங்கா வைக்கச் சொல்லிக் கத்திக்கிட்டிருந்தீங்க. அதைச் சேர்த்து மூணு."

ருக்கையா கஞ்சியைக் கையில் எடுத்தாள். அது ஆறும்வரை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நண்பகலில் ரவூப் வந்தான். இருபது வயது, தகப்பனைப் போலவே நெட்டையான உடம்பு. அடக்கம் முடிந்துவிட்டது என்பது வரும்போதே அவனுக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்குள் வந்து, உட்காரப் பாய்கூட இல்லாத தரையில் தாயின் அருகே உட்கார்ந்து கேட்டான்.

"வாப்பா கலிமா சொன்னாங்களாம்மா?"

"தெரியாதுப்பா. நான் வெளியே ரிக்‌ஷாவிலே இருந்தேன்."

அவன் தலையசைத்தான். "நாளைக்குப் பத்து மணிக் கப்பல்லே ரெண்டு இடம் சொல்லிட்டு வர்றேன்" என்று எழுந்து போனான்.

மூவார் வீட்டில் அவன் எல்லாவற்றையும் ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தான். அடுப்பு அடுப்படியில் இருந்தது. செம்பு செம்பின் இடத்தில் இருந்தது. வெள்ளைப் புடவையால் தலையை மூடியபடி ருக்கையா பின்படி வழியாக மாடிக்கு ஏறினாள். நீண்ட அறை, அவள் நினைத்திருந்ததைவிடக் காற்றோட்டமானது. அவள் உட்கார்ந்து தைக்கும் பலகை ஒரு மூலையில், ஜன்னலின் கீழே போடப்பட்டிருந்தது. அது கதவுக்கு நேர் பின்னால் இருந்தது.

"இங்கே யாரு போட்டா?"

"வாப்பாதான். போன தடவை வந்தப்போ சுண்ணாம்பாலே தரையிலே கோடு கிழிச்சு வச்சுட்டுப் போயிருந்தாங்க. வடக்கு வெளிச்சம், உம்மா கண்ணுக்கு இதுதான் கூசாதுன்னாங்க."

"கதவை எப்படித் திறக்கிறது?"

ரவூப் கதவைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். "அதை அவங்க சொல்லலேம்மா" என்றான்.

நான்காம் நாள் காலை ருக்கையா அந்தப் பலகையில் உட்கார்ந்து, ஒரு துண்டு கறுப்பு வெல்வெட்டை மடியில் விரித்தாள். வெளிச்சம் துணியின்மேல் நேராக விழுந்தது. கறுப்பில் கறுப்பு நூல் போகும் வழிகூடத் தெரிந்தது. வயதான பிறகு அப்படித் தெரிந்து அவள் பார்த்ததில்லை. ஊசியில் நூலைக் கோத்து நாலு தையல் போட்டிருப்பாள். படியேறி வரும் காலடி கேட்டது. கதவு உள்நோக்கி வந்து அவள் முதுகில் இடித்து, நான்கு விரல் இடைவெளியோடு நின்றது.

"உம்மா, கொஞ்சம் நகருங்க. கை நிறைய அச்சு வச்சிருக்கேன்."

"பின்படி வழியா வா."

"கனமா இருக்கும்மா. பலகையை ஒரு முழம் இந்தப் பக்கம் தள்ளிப் போட்டா கதவு நல்லாத் திறக்கும். நானே தள்ளித் தர்றேன்."

"பின்படி வழியா வான்னு சொன்னேன்ல."

அவன் படியிறங்கினான். கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசை முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ருக்கையா முதுகைக் கதவில் சாய்த்து, அடுத்த தையலைப் போட்டாள்.